கல்லைப் புரட்டுமுன்: ஊர்வனவற்றையும் தவளைகளையும் தேடிக் காணும் முறை

ஊர்வனவும் இருவாழ்விகளும் தம் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை; வெயிலிலிருந்தும் கல்லிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் அதைப் பெறுகின்றன. தவளைக்கு இதோடு இன்னொரு நெருக்கடியும் உண்டு: தோல் வழியே நீர் போய்க்கொண்டே இருப்பதால் அது ஈரத்தை விட்டு நெடுந்தொலைவு விலக முடியாது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் இடத்தைப் பார்க்கத் தொடங்கினால், ‘இங்கே பாம்பு இருக்குமா’ என்ற கேள்வி, ‘இந்த நேரத்தில் இங்கே எது சூடாக இருக்கிறது, எது ஈரமாக இருக்கிறது, ஒளிந்துகொள்ள எங்கே இடுக்கு இருக்கிறது’ என்ற கேள்வியாக மாறிவிடும். அதற்குக் கண்ணாலேயே விடை காணலாம். பல ஆண்டுகளாக இவ்வுயிர்களைத் தேடிப் பார்த்து வரும் எனக்கு, கண்டுபிடிக்கும் திறமை என்று மற்றவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கேள்வியை விடாமல் கேட்பதுதான் என்று படுகிறது.

இடமும் பருவமும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் முதல் பயணத்துக்கே வால்பாறைக்கோ களக்காட்டுக்கோ போய்விடுகிறார்கள். அங்கே உயிர்வகை மிகுதி என்பது உண்மையே. ஆயினும் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. இரவில் நடக்க அனுமதி கிடைப்பது அரிது. தேயிலைத் தோட்டச் சாலையில்கூட இருட்டிய பின் யானை எதிர்ப்படலாம். எனவே வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு சிறு இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் அதையே பார்த்து வருமாறுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். ஊர்க் கண்மாயின் கரை, பாழடைந்த கிணறு, தென்னந்தோப்பு வாய்க்கால், கோயில் தெப்பக்குளத்தின் படிக்கட்டு ஆகியவற்றுள் எதுவும் போதும். நான் பார்த்து வருவது எங்கள் ஊர்க் கண்மாயில் மடையிலிருந்து கலுங்கு வரையுள்ள சிறிய கரைப்பகுதி. முதல் ஆண்டில் அங்கே ஓணானையும் தண்ணீர்ப் பாம்பையும் தவிர வேறு எதையும் நான் கண்டதாக நினைவில்லை. எந்தக் கல் காலை எட்டு மணிக்குச் சூடேறும், எந்தப் பனையின் காவோலைக்குள் கொம்பேறி மூக்கன் அடங்கும், மடைக்கற்களின் எந்த இடுக்கில் தண்ணீர்ப் பாம்பு தலையை மட்டும் நீட்டி மீனுக்குக் காத்திருக்கும் என்பவை பிடிபட்ட பிறகு, அதே கரையில் உடும்பும் பாலாமையும் மண்ணுளிப் பாம்பும் உட்படப் பதினேழு வகைகளை ஏட்டில் குறித்திருக்கிறேன்.

பருவத்தைப் பொறுத்தவரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், சமவெளியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் தவளைகளுக்கு உகந்த காலம். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் பெருமழையைத் தவறவிடக் கூடாது. அம்மழையை அடுத்து, வயலில் வாழும் பெருந்தவளைகளின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்ப, தேங்கிய நீரில் பட்டப்பகலிலேயே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்தும். நாள் கடத்திப் போனால் பழுப்பும் பச்சையுமான வழக்கமான தவளைகளைத்தான் காண முடியும். இவற்றின் கால்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்காக ஒரு காலத்தில் வயல் வயலாகப் பிடித்தார்கள் என்பதும், அந்த ஏற்றுமதியை 1987இல் இந்திய அரசு தடை செய்தது என்பதும் அந்த மஞ்சள் கூட்டத்தின் நடுவே நிற்கும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் நினைவுக்கு வருகின்றன.

பகலில் பார்ப்பது

பல்லியினங்களைக் காணக் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஏற்ற நேரம். இரவுக் குளிரில் உடல் மந்தமாகிக் கிடந்தவை அப்போதுதான் வெயிலுக்கு வருகின்றன. வெயில் ஏறிய பின் அவை நிழலுக்குப் போய்விடும், நமக்கும் அங்கே வேலை இல்லை. மீண்டும் மாலை நான்கரைக்கு மேல் ஒருமுறை பார்க்கலாம்.

நெருங்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நேரே நோக்கி நடந்தால் எந்த ஓணானும் ஓடும். அதைப் பார்க்காததுபோலச் சாய்ந்து நடந்து, நம் நிழல் அதன்மேல் விழாத பக்கமாகச் சுற்றி, பத்தடித் தொலைவில் மெல்லக் குந்தி உட்கார வேண்டும். அது தலையை உயர்த்தி அசையாமல் நின்றால் நாமும் நிற்க வேண்டும். மீண்டும் எறும்பைப் பொறுக்கத் தொடங்கிய பிறகே அடுத்த அடி. அருகிலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும் இருகண் நோக்கி ஒன்று கையிலிருந்தால் அந்த அடியும் தேவைப்படாது.

இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கு விசிறித் தொண்டை ஓணானைவிடச் சிறந்த உயிர் நம் சமவெளியில் இல்லை என்பேன். தென் மாவட்டங்களின் மணல்வெளிகளிலும் தரிசுகளிலும் கோடைக் காலையில் ஆண் ஓணான் ஒரு மண்கட்டியின் மேலோ சிறு கல்லின் மேலோ ஏறி நின்று, தொண்டைத் தோலை விசிறிபோல விரித்தும் மடக்கியும் காட்டும். விரல் நீளமே உள்ள அவ்வுயிர் விரிக்கும் விசிறி அதன் தலையைவிடப் பெரிதாகத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து 2016இல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்ட இரண்டு இனங்களுள் ஒன்றுக்கு நம் விசிறிச் சொல்லே இனப்பெயராக வைக்கப்பட்டது. மற்றொன்றுக்கு, அது வாழும் வயல்வெளியையும் கடலோரத்தையும் குறித்து ‘மருதம்நெய்தல்’ என்று பெயரிட்டார்கள். திணைப்பெயர் தாங்கிய ஓர் ஓணான் நம்மிடையே ஓடித் திரிகிறது என்பதை நம்மில் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளுக்குப் போகிறவர்கள் சூரியன் எழும்போதே அங்கே இருக்க வேண்டும். காற்று எழுந்தால் தடம் அழிந்துவிடும். இருபுறமும் கால் பதிவும் நடுவே வால் இழுத்த கோடும் இருந்தால் அது ஓணானோ அரணையோ ஆகும். கால் பதிவே இல்லாத அலை அலையான ஒற்றைக் கோடு பாம்பினுடையது. கோட்டின் வளைவுகளுக்கு வெளிப்புறத்தில் மணல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்தால் பாம்பு போன திசையையும் சொல்லிவிடலாம்.

மரங்களில் தேடும்போது பச்சைப் பாம்பை இலைகளுக்கிடையே இலையாகத் தேடினால் கிடைக்காது. காற்று வீசும்போது கொடியெல்லாம் ஒரே விதமாக அசைய, ஒன்று மட்டும் சற்றுப் பிந்தி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கண்கொத்திப் பாம்பு என்று சொல்லி அடித்துக் கொல்வது இன்றும் தொடர்கிறது. அதன் நஞ்சு ஓணானையும் தவளையையும் அடக்கப் போதுமான மென்மையான நஞ்சு. அது மனிதக் கண்ணைத் தேடி வருவதில்லை. அதுபோலவே, நாகமும் சாரையும் பிணைகின்றன என்று ஊரார் கூடிப் பார்க்கும் காட்சி, இரண்டு ஆண் சாரைகள் வலிமை பார்க்கும் போட்டியே. தொலைவில் நின்றால் அவை நம்மைக் கண்டுகொள்ளாமல் நெடுநேரம் தொடரும்.

இரவும் விளக்கும்

இரவுத் தேடலுக்கு விளக்குப் பிடிக்கும் உயரமே முக்கியம். கைவிளக்கை இடுப்புயரத்தில் பிடித்து நடப்பவருக்குக் கண்ணொளி தெரியாது. விளக்கைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒளி போகும் கோட்டிலேயே பார்வையையும் செலுத்தினால், தவளையின் கண்ணும் பல்லியின் கண்ணும் திருப்பி ஒளிரும். புல்லெங்கும் பனித்துளிபோலக் கூர்மையாக மின்னுபவை பெரும்பாலும் சிலந்திகளின் கண்கள். தவளையின் கண் அதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும். பாம்புகள் இப்படி ஒளிர்ந்து காட்டிக்கொடுப்பதில்லை. அவற்றுக்கு, கிளைக்கும் வேருக்கும் பொருந்தாத வளைவைத்தான் தேட வேண்டும்.

பகலில் எவ்வளவு தேடியும் கிடைக்காத பச்சோந்தி இரவில் எளிதில் கிடைக்கும். அது கிளை நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு உறங்கும்போது நிறம் வெளிறி, விளக்கொளியில் வெள்ளைக் காய்போலத் தொங்கும். (நம் ஊர்களில் தோட்டத்து ஓணானையே பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்துக்கொன்றாகத் திரும்பும் கூம்புக் கண்களும், கிளையை இடுக்கிபோலப் பற்றும் பாதங்களும் இருந்தால்தான் அது உண்மையான பச்சோந்தி.) உறங்கும் உயிரின்மேல் விளக்கை நீண்ட நேரம் நிறுத்த வேண்டாம்; ஒரு படம் எடுத்துக்கொண்டு ஒளியைத் திருப்பிவிடுங்கள்.

கூடவே எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. கணுக்காலுக்கு மேல் வரும் காலணி, தடித்த முழுக்காற்சட்டை, தலைவிளக்கு ஒன்றும் கைவிளக்கு ஒன்றும், மாற்று மின்கலம், புதரைத் தட்டிப் பார்த்து நடக்க ஒரு கம்பு, குறிப்பேடு, உடன் ஒருவர். மழைக்காட்டுப் பகுதியானால் அட்டைக் காலுறையும் வேண்டும். பாம்பு பிடிக்கும் கொக்கியும் இடுக்கியும் பார்வையாளருக்குரிய கருவிகள் அல்ல. அவை கையிலிருந்தால் பயன்படுத்தத் தோன்றும் என்பதாலேயே நான் அவற்றை வாங்கவில்லை. கொள்ளிடம், அமராவதி, மோயாறு போன்று முதலை வாழும் நீர்நிலைகளின் ஓரத்தில் இருட்டில் நடப்பதையும் குந்தி உட்காருவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

காதால் தேடுவது

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பழமொழியைச் சொன்னவர் மணலுக்குள் புதைந்து வாழும் தவளையை நன்கு கவனித்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் அவ்வகைத் தவளைகளை மழையிரவுகளில் குரலைக் கொண்டே கண்டுபிடிக்கிறோம். ஒலியை மட்டும் நம்பி ஒருவர் தனியாகத் தேடினால் இடம் தப்பிப்போகும். இருவராகப் போய்ப் பதினைந்து அடி இடைவெளியில் நின்று, ஒவ்வொருவரும் தமக்கு ஒலி எங்கிருந்து வருவதாகத் தோன்றுகிறதோ அத்திசையில் கையை நீட்டி, பிறகு இருவரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட வேண்டும். இரண்டு ஒளிக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தவளை இருக்கும். அங்குல அளவுகூட இல்லாத குறுவாய்த் தவளை குளம் முழுதும் கேட்கும்படி கரகரப்பதை இப்படிப் பார்த்தபோது, அதன் தொண்டைப் பை அதன் உடலளவுக்கு உப்பியிருந்ததைக் கண்டேன்.

விளக்கு விழுந்ததும் கூட்டக் குரல் சட்டென்று அடங்கும். உடனே நகராமல் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் எங்கோ ஒன்று தயங்கித் தொடங்கும்; அடுத்தது சேரும்; பிறகு நீங்கள் அங்கே இருப்பதையே அவை மறந்துவிடும். விளக்கின் மேல் சிவப்பு மெல்லிய தாளைக் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும், பல வீடுகளில் தேரை என்று சொல்லப்படும் மரத்தவளையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் சிமெண்ட் தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே, சோப்பு நுரைபோல வெண்மையான உருண்டை ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டால் கழுவிவிடாதீர்கள். அது அதன் நுரைக்கூடு. பெண் தவளை தன் உடலிலிருந்து வரும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் மோர் கடைவதுபோல அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து வெளிறிய மஞ்சளாகி இறுகும். உள்ளே ஈரம் காக்கப்படும். சில நாட்களில் கூட்டின் அடிப்பகுதி இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழேயுள்ள நீரில் சொட்டும். எங்கள் வீட்டுத் தொட்டியில் அந்தச் சொட்டும் காட்சியை விளக்கோடு உட்கார்ந்து பார்த்த இரவை என்னால் மறக்க முடியாது. மலைக்காடுகளின் புதர்த்தவளைகள் இதற்கு நேர்மாறானவை; அவற்றின் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, தலைப்பிரட்டைப் பருவம் வெளியே தெரியாமல், குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. எனவே அவற்றை நீர்நிலையில் தேடிப் பயனில்லை. முழங்கால் முதல் தலையுயரம் வரையுள்ள புதர்களில் தேட வேண்டும்.

கல்லும் கட்டையும் சட்டையும்

கல்லைப் புரட்டுவதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. கல்லின் மறுவிளிம்பைக் கம்பாலோ கொக்கிபோல வளைந்த கருவியாலோ பற்றி நம்மை நோக்கித் தூக்க வேண்டும். அப்போது திறக்கும் இடைவெளி நமக்கு எதிர்ப்புறம் இருக்கும், கல் நமக்குக் கேடயமாகும். விரலை அடியில் நுழைக்கவே கூடாது. தென் மாவட்டத்து வறண்ட நிலங்களில் ஒரு கைப்பிடி மண்ணளவே இடம் பிடிக்கும் சுருட்டை விரியன் அப்படிப்பட்ட கல்லின் அடியில்தான் சுருண்டிருக்கும். பார்த்து முடித்ததும் அடியிலிருந்த உயிர் தானாக ஒதுங்கிய பின், கல்லை முன்பிருந்த பள்ளத்திலேயே, முன்பிருந்த பக்கமாகவே வைக்க வேண்டும். புரட்டிப் போடப்பட்ட கல்லின் அடியில் அதுவரை சேர்ந்திருந்த ஈரம் ஒரு பகல் வெயிலில் போய்விடும்; மீண்டும் அது குடியிருக்கத் தகுந்த இடமாக மாற மாதங்கள் ஆகலாம். பாறையிலிருந்து பெயர்த்தால் திரும்பப் பொருந்தாத தகட்டுக்கற்களைத் தொடவே வேண்டாம்.

கல்லுக்குப் போகுமுன் பூந்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். மண்புழுவைப் போன்று கருத்து மினுங்கும் மெல்லிய உயிர் ஒன்று நெளிந்தோடினால் அது புழுப்பாம்பாக இருக்கலாம். மண்புழு நீண்டும் சுருங்கியும் நகரும். புழுப்பாம்பு பக்கவாட்டில் வளைந்து வளைந்து ஓடும், நுண்ணிய நாக்கையும் நீட்டும். காதுக்குள் புகும் என்று அஞ்சப்படும் இச்சிறு பாம்பில் பெண்கள் மட்டுமே உண்டு. ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுகின்றன. மலையில் மட்கிய கட்டைகளின் அடியில் இதே குழப்பம் இன்னும் பெரிதாகும். தோல் ஈரமாகவும் உடல் முழுதும் வளையம் வளையமாகவும் இருந்தால் அது காலில்லாத இருவாழ்வியான சிசிலியன். செதில்கள் மினுங்க, வால்முனை வெட்டியதுபோலச் சொரசொரப்பாக இருந்தால் கேடயவால் பாம்பு. பின்னதன் குடும்பம் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

பாம்பைக் காணாத நாளிலும் அதன் சட்டை கிடைக்கலாம். அதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் செதில்கள் தெளிவாகத் தெரியும்: ஒவ்வொரு செதிலின் நடுவிலும் மேடு ஓடுகிறதா, வழவழப்பாக இருக்கிறதா, முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக அறுகோணமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது கட்டுவிரியனின் அடையாளம். சட்டை விரிந்து நீள்வதால் அதன் நீளத்தைப் பாம்பின் நீளமாக எழுதக் கூடாது. தடம், எச்சம், சட்டை ஆகியவற்றைக் கொண்டு பாம்பைக் கண்டுபிடிப்பதில் இருளர்களுக்கு இணை எவருமில்லை. 1978இல் தொடங்கப்பட்ட அவர்களின் கூட்டுறவுச் சங்கம் தரும் நஞ்சிலிருந்தே நம் நாட்டின் நஞ்சு முறிவு மருந்து பெருமளவில் செய்யப்படுகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நஞ்சைப் பற்றி

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்தில் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளாமல் எவரும் இரவில் புறப்படக் கூடாது. ஆயினும் அடையாளம் தெரியும் என்ற துணிவில் நெருங்குவதும் தவறு. நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனில் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் அவை கழுத்தைக் கடந்து தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும். இது நல்ல அடையாளமே. ஆனால் இளம் பாம்பிலும் மங்கிய விளக்கிலும் அனுபவமுள்ளவரே இதில் தடுமாறியதைக் கண்டிருக்கிறேன். எல்லாப் பாம்புக்கும் அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத தொலைவு கொடுங்கள். குக்கர் ஆவி விடுவதுபோலச் சீறல் கேட்டால் கண்ணாடி விரியன் மிக அருகில் இருக்கிறது. காலை எடுக்காமல் நின்று, அது இருக்குமிடத்தை விளக்கால் கண்ட பிறகே பின்வாங்க வேண்டும்.

கடி பட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம் என்பதால் ‘ஒன்றுமில்லை’ என்று காத்திருப்பது உயிரைப் பறிக்கும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். நம் நாட்டு மருந்து மேற்சொன்ன நான்கின் நஞ்சுக்காகச் செய்யப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு எதிராகச் செய்யப்பட்டதன்று. மலையில் இன்னும் ஒதுங்கி நிற்க இதுவே போதிய காரணம்.

தொடாமல் பார்த்தலும் எழுதி வைத்தலும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை முதலியவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, தவளையைத் தொடாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. நம் கையிலுள்ள கொசு மருந்தும் வெயில் பூச்சும் அதன் தோல் வழியே உடலுக்குள் போகும். உலகின் பல பகுதிகளில் தவளையினங்களை அழித்த கைட்ரிட் பூஞ்சை ஈரக் காலணியோடும் பயணம் செய்யக்கூடியது. எனவே ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் காலணியைத் தேய்த்துக் கழுவி முழுக்கக் காயவிட வேண்டும்.

படம் எடுக்கும்போது முகத்தை மட்டும் எடுப்பது அடையாளம் காண உதவாது. தவளையானால் பக்கவாட்டுத் தோற்றம், கண்ணுக்குப் பின்னுள்ள செவிப்பறை, விரல்நுனித் தட்டுகள், பின்னங்கால் விரலிடைத் தோல் ஆகியவை தெரிய வேண்டும். குரலையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், பல புதர்த்தவளைகளைக் குரலின்றிப் பிரித்தறிய முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவிட்டால் அறிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். நட்சத்திர ஆமையையோ அரிய குழிவிரியனையோ கண்ட இடத்தை மட்டும் துல்லியமாக வெளியிட வேண்டாம். பிடித்து விற்கிறவர்களும் அப்படத்தைப் பார்க்கிறார்கள்.

ஏட்டில் நாள், நேரம், மழை பெய்து எத்தனை நாளாயிற்று, தரை ஈரமா காய்ந்ததா, உயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றை அங்கேயே நின்று எழுதிவிட வேண்டும். ஒன்றும் காணாமல் திரும்பிய நாளையும் அதே ஒழுங்கில் எழுதுங்கள். எங்கள் கலுங்கின் அருகே மண்ணுளிப் பாம்பை முதலில் கண்டது ஒரு பிப்ரவரி மாலை. அதற்கு முன் அதே மணல்திட்டைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிய பக்கங்கள் பதினொன்று. அந்தப் பதினொன்றும் நண்பகலிலோ மழைக்கு மறுநாளிலோ எழுதப்பட்டவை என்பது அவற்றை வரிசையாகப் படித்த பிறகே புலப்பட்டது. இப்போது மணல் காய்ந்து, மாலை ஐந்தரைக்கு மேல், மேற்பரப்பில் சூடு தங்கியிருக்கும் நாட்களில் மட்டும் அத்திட்டுக்குப் போகிறேன்.